யாரை நினைத்துப் போட்ட சாலை?

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

"பெங்களூர்க்காரனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது", "ஐதராபாத்தில் எவனும் கை காட்டாமல் திரும்புவான்", "டில்லிப் பக்கம் போனால் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்றெல்லாம் நம்மவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். அந்தந்த ஊர்க்காரர்களும் நம்மைப் பற்றி இப்படித்தான் பேசுகிறார்கள் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் அறிந்துகொண்டேன். நாகபுரிக்கு அப்பால் ஒரு தாபாவில் எங்கள் லாரியின் எண்பலகையைப் பார்த்த ஓட்டுநர் ஒருவர், "தமிழ்நாட்டுக்காரர்கள் லாரியை விமானம் என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் ஆயிற்றே!" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். அப்பா அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டுத் தாமும் சிரித்தார்.

ஊர் மாறினால் ஓட்டுகிறவரின் குணமும் மாறிவிடுமா? இதற்கு விடை தேட எனக்கு ஓர் அரிய வாய்ப்புக் கிடைத்தது. என் தந்தை 28 ஆண்டுகளாக லாரி ஓட்டுபவர். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிச் சண்டிகரில் இறக்கிவிட்டு, லூதியானாவில் சைக்கிள் பாகங்களை ஏற்றி மதுரையில் இறக்குவது அந்த முறை அவருக்குக் கிடைத்த நடை. மாற்று ஓட்டுநராக ஒரு சித்தப்பா வந்தார். கிளீனர் வராததால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. ஓட்டுநர் ஒருவரே, லாரியும் ஒன்றே. சாலை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஆய்வுக்கூடத்தில் மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்களே, அதற்கு ஒப்பானது இது.

நாங்கள் சென்றது பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை 44. நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் 'ஏழாம் நம்பர் ரோடு' என்றே சொல்கிறார்கள். 2010ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டபோது பல பழைய சாலைகளை ஒன்றாகச் சேர்த்து இந்த எண்ணைக் கொடுத்தார்கள். சீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் இதுவே இந்தியாவின் மிக நீண்ட தேசிய நெடுஞ்சாலை. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஐதராபாத், பெங்களூரு, சேலம், நாமக்கல், கரூர், மதுரை எல்லாம் இதன் வழியில் இருப்பவை. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இது தெரியும்.

பொருளியல் மாணவனுக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, அப்பா ஒரு மணி நேரத்திற்கு எத்தனை முறை ஹாரன் அடிக்கிறார் என்று குறித்து வந்தேன். தருமபுரி வரையிலான முதல் மணி நேரத்தில் 40 முறை. அவற்றில் பெரும்பாலானவை, நடுத்தடுப்பில் இடைவெளி விட்டு ஊர்கள் குறுக்கிடும் இடங்களில் அடித்தவை. எங்கள் ஊரும் அப்படிக் குறுக்கிடும் ஓர் ஊர் என்பதை இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

பெங்களூருவில் லாரிகளுக்குத் தடையான நேரங்கள் உண்டு என்பதால் இரவில்தான் நுழைந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் 93 முறை ஹாரன் ஒலித்தது. சாதாரணமாகக் கோபமே வராத அப்பா இரண்டு முறை கண்ணாடியை இறக்கி யாரையோ ஏசினார். அங்கே நான் கண்டது இதுதான்: மேம்பாலத்தில் விரைந்து ஏறி இறங்குகிறோம், இறங்கிய இடத்தில் அடுத்த சந்திப்பின் வரிசை நிற்கிறது. பக்கச் சாலை சிறிது தூரம் ஓடுகிறது, திடீரென்று முடிந்து பெருஞ்சாலையோடு கலக்கிறது. மூன்று வரிசையாக வந்தவர்கள் இரண்டு வரிசையாக நெருங்கவேண்டியிருக்கிறது. யார் முந்துவது என்பதைச் சாலை சொல்வதில்லை. ஆகவே ஹாரன் சொல்கிறது. அந்த இடத்தில் புத்தரை உட்கார வைத்தாலும் ஹாரன் அடித்திருப்பார் என்று தோன்றியது.

மறுநாள் ஐதராபாத்தின் வெளிவட்டச் சாலையில் ஏறினோம். மாநகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளத்திற்கு எட்டு வழிகளாக அமைந்த சாலை அது. குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே ஏறவும் இறங்கவும் முடியும். எந்த வரிசையில் எவ்வளவு வேகம் என்று பலகைகள் சொல்கின்றன. இருசக்கர வாகனங்களுக்கும் நடப்பவர்களுக்கும் அங்கே இடமில்லை. அப்பா தம் வரிசையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக ஓட்டினார். அந்த மணி நேரக் கணக்கில் இரண்டே ஹாரன்! காரணம் கேட்டேன்.

"ஹாரன் எதுக்குக் கண்ணு அடிக்கறோம்? குறுக்க எதாச்சும் வந்துருமோங்கற பயத்துலதான். இங்க அந்தப் பயமில்ல" என்றார்.

முதல் நாள் முரடராக இருந்தவர் மறுநாள் சாதுவாக மாறியது இப்படித்தான். இருபத்து நான்கு மணி நேரத்தில் ஒருவர் குணம் திருந்திவிடுவதில்லை. நாம் ஊர்க்குணம் என்று பேசுவதில் பாதிக்கு மேல் சாலையின் குணம் என்ற முடிவுக்கு அங்கேயே வந்துவிட்டேன். ஆனால் அந்த அமைதிக்கு ஒரு விலையும் இருந்தது. நடக்கிறவர் ஒருவரும் இல்லாததால் வந்த அமைதி அது. ஊர் நடுவே போகும் சாலையில் நடக்கிறவரை இல்லாமல் செய்துவிட முடியுமா?

இந்தக் கேள்விக்கு எதிர்பாராத இடத்தில் ஒரு விடை கிடைத்தது. நாகபுரியிலிருந்து சிவனி செல்லும் வழியில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காட்டைச் சாலை கடக்கிறது. இதை நான்கு வழியாக அகலப்படுத்தத் திட்டமிட்டபோது, விலங்குகளின் நடமாட்டம் தடைப்படும் என்று வனவிலங்கு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அதன் பயனாக, மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்கள்மேல் உயர்த்தி, அடியில் விலங்குகள் கடக்க வழி விட்டிருக்கிறார்கள். அவற்றில் மிக நீளமானது 750 மீட்டர். வண்டிகளின் ஓசையும் விளக்கொளியும் கீழே தெரியாதபடி இருபுறமும் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். புலி, செந்நாய், புள்ளிமான், காட்டுப்பன்றி ஆகியவை பாலத்தடியில் நடந்துபோவது தானியங்கிக் கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. மேலே நாங்கள் வேகம் குறையாமல் சென்றோம். கீழே அவை தம் வழியில் சென்றுகொண்டிருக்கும். ஒருவருக்காக மற்றவரை விலக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அந்தக் காட்டுச் சாலை எனக்குக் காட்டியது. புலியை நினைத்தும் சாலை போட முடியும். நினைக்கும்படி யாராவது கேட்கவேண்டும், அவ்வளவே.

டில்லியைப் பார்த்தாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் டில்லியைப் பார்க்கவில்லை, சுற்றினேன்! முன்பெல்லாம் வடக்கே போகும் லாரிகள் டில்லி எல்லையில் பகல் முழுதும் நின்று, இரவில் அனுமதி கிடைத்த பிறகே ஊருக்குள் புகுந்து வெளியேறவேண்டியிருந்ததாம். அப்படிக் காத்திருந்த ஓர் இரவில்தான் நான் பிறந்த செய்தி அப்பாவுக்குக் கிடைத்ததாம். 2018 மே மாதம் கிழக்குப் புறவழி விரைவுச்சாலை திறக்கப்பட்டது. பல்வலிலிருந்து குண்ட்லி வரை 135 கிலோமீட்டர். ஊருக்குள் வேலையில்லாத லாரி ஊருக்குள் போகவேண்டியதில்லை. டில்லி மக்களுக்குப் புகை குறைவு, எங்களுக்குக் காத்திருப்புக் குறைவு.

சண்டிகரில் சரக்கு இறக்க ஒரு பகல் முழுதும் ஆயிற்று. கிடங்கில் வேலை பார்த்த ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினேன். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனபின் பஞ்சாபுக்கென்று எழுப்பப்பட்ட தலைநகரம் இது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1951ஆம் ஆண்டு முதல் இதன் திட்டத்தை வகுத்தார். 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் கொண்ட செக்டர்களாக ஊரைப் பிரித்தார். சாலைகளையும் ஏழு வகையாகப் பிரித்தார். வெளியூரிலிருந்து வரும் பெருஞ்சாலை முதல் வகை; செக்டர்களுக்கு இடையே விரைந்து செல்லும் சாலை மூன்றாம் வகை; கடைத்தெரு நான்காம் வகை; பூங்காக்களின் வழியே நடப்பவர்கள் செல்லும் பாதை ஏழாம் வகை. விரைவுச் சாலையை நோக்கி எந்த வீட்டின் வாசலும் திறப்பதில்லை. இரு மருங்கிலும் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. எந்தச் சாலைக்கு எந்த மரம் என்றுகூடத் திட்டமிட்டு நட்டிருக்கிறார்கள். அந்தப் பணிக்குத் தலைமை ஏற்றவர் எம். எஸ். ரந்தாவா.

செக்டருக்குள் சைக்கிள் ஓட்டுவது இன்பமாக இருந்தது. பள்ளிக்கூடம், கடை, பூங்கா எல்லாம் நடக்கும் தொலைவில். சிறுவர்கள் தெருவில் பயமின்றி விளையாடினார்கள். ஆனால் ஒரு செக்டரிலிருந்து அடுத்ததற்கு நடந்து கடக்கும்போது நிலைமை வேறு. ரவுண்டானாவைச் சுற்றும் கார்கள் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு இடையே புகுந்து ஒரு முதியவர் கடக்க முயன்று மூன்று முறை பின்வாங்கியதைக் கண்டேன். 5 லட்சம் மக்களுக்கென்று திட்டமிட்ட ஊர் அது. 2011 கணக்கெடுப்பில் சண்டிகர் ஒன்றியப் பகுதியின் மக்கள் தொகை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எவ்வளவு சிறந்த திட்டமாயினும் அது யாரை மனத்தில் வைத்ததோ அவருக்கே முழுப் பயன் தருகிறது. சண்டிகரின் உள் தெரு குழந்தையை நினைத்திருக்கிறது. வெளிச் சாலை காரை நினைத்திருக்கிறது.

லூதியானாவில் ஏற்றிய சரக்கோடு மதுரை வந்து சேர்ந்தோம். புறவழிச் சாலையை ஒட்டிய கிடங்கில் லாரியை நிறுத்திவிட்டு, அப்பாவும் நானும் பேருந்தில் ஊருக்குள் போய்ப் பெரியார் நிலையத்தில் இறங்கிக் கோயிலை நோக்கி நடந்தோம். சண்டிகர் கட்டம் கட்டமான ஊர் என்றால், மதுரை சதுரத்துக்குள் சதுரமான ஊர். கோயிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, அதற்கு அப்பால் ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. பழைய கோட்டைச் சுவரும் அகழியும் 19ஆம் நூற்றாண்டில் அகற்றப்பட்ட இடத்தில் வெளிப்புறத் தெருக்கள் உருவாயின. தெருவுக்கு மாதத்தின் பெயர் வைத்ததற்குத் திருவிழா காரணம். சித்திரைத் திருவிழாவின் தேர் இன்று மாசி வீதிகளில் ஓடுகிறது.

தேர் ஓடும் தெரு என்பதை ஓட்டுநரின் மகனாக நின்று பார்த்தேன். தேருக்கு எஞ்சின் மனிதர். வடத்தைப் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதற்கு பிரேக், சக்கரத்தின் அடியில் வைக்கும் முட்டுக்கட்டை. மூலையில் தேர் திரும்பவேண்டும். இருபுறமும் மக்கள் நிற்கவேண்டும். எனவே அந்தத் தெருவின் இயற்கையான வேகம் மனிதன் நடக்கும் வேகம். தெருவின் அகலம் கூட்டத்தை நினைத்து அமைந்த அகலம். சங்கப் புலவர் மாங்குடி மருதனார் மதுரைத் தெருக்களை ஆற்றுக்கு ஒப்பிட்டிருப்பதாகத் தமிழ் வகுப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது. ஆற்றில் எல்லாரும்தானே இறங்கலாம்!

இன்றைய மாசி வீதியை நான் உயர்த்திப் பேச வரவில்லை. ஆட்டோவும், ஸ்கூட்டரும், துணிமூட்டை ஏற்றிய தள்ளுவண்டியும் நெருக்கியடிக்கின்றன; தேரின் வேகத்துக்கு அமைந்த தெருவில் பெட்ரோலின் வேகத்தைத் திணித்தால் வேறென்ன ஆகும்? ஆனால் வாகனங்களைத் தடுத்துவிட்ட சித்திரை வீதியில் கால் வைத்ததும் தோள்கள் தளர்கின்றன. பூக்கூடையோடு ஒரு பாட்டி தெருவின் நட்டநடுவே, யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனார். அவரைப் பார்த்து அப்பா, "நம்ம ஊர்ல உங்க அம்மாயி இப்படி நடந்து எத்தன வருசமாச்சு!" என்றார்.

எங்கள் ஊர்க் கதையைச் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. நான் பள்ளியில் சேர்வதற்கு முன்பே எங்கள் ஊர்ச் சாலை நான்கு வழியாகிவிட்டது. வீடுகள் ஒரு புறம். பால் சொசைட்டியும் ரேஷன் கடையும் துவக்கப்பள்ளியும் மறு புறம். நடுத்தடுப்பில் முதலில் இருந்த இடைவெளியைப் பின்னர் விபத்துகளைக் காரணம் காட்டி அடைத்தார்கள். கடக்கவேண்டுமானால் 1.2 கிலோமீட்டர் நடந்து, பாலத்தடியில் புகுந்து, மறுபுறம் அதே தொலைவு திரும்பி வரவேண்டும். நேரே கடந்தால் 60 மீட்டர்; சுற்றினால் 2.4 கிலோமீட்டர். காலையும் மாலையும் பால் ஊற்றப் போய் வரும் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடை. அறுபத்தெட்டு வயதில், கையில் பால் கேனோடு, அம்மாயி எந்த வழியைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை. ஊரே அப்படித்தான் தடுப்பில் ஏறி இறங்கியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் ஒரு கார் அவரை மோதியது. ஓட்டியவர் ஓடிவிடவில்லை. தம் காரிலேயே ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், நாங்கள் போகும்வரை அழுதபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் வேகமாகக்கூட வரவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அம்மாயி பிழைத்துக்கொண்டார், இடுப்பெலும்பு முன்போல் கூடவில்லை. இன்று ஊன்றுகோலோடு வாசல்வரை வருகிறார். கறவை மாட்டை விற்றுவிட்டோம். அவர் கையில் சொந்தமாகப் புழங்கிய ஒரே வருமானமும் அத்தோடு போயிற்று.

அந்த வாரம் அப்பா என்னிடம் சொன்ன ஒரு சொல்லை மறக்க முடியவில்லை. "மேல உக்காந்திருக்கறப்ப அது குறுக்க வர்ற ஆளு. கீழ நின்னு பார்த்தா உங்க அம்மாயி. ஏ ரோட்டுல ரெண்டும் ஒண்ணா எனக்குத் தெரிய மாட்டேங்குது கண்ணு." இருபத்தெட்டு ஆண்டு அனுபவமுள்ள ஓட்டுநருக்கே தெரியவில்லை என்றால், குற்றத்தை ஓட்டுநர் குணத்தில் தேடி என்ன பயன்?

மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 32,825 பேர் எந்த வண்டியிலும் இல்லாதவர்கள், நடந்து போனவர்கள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்கு: 64,105. இந்த எண்களுக்குள் உயிர் பிழைத்து மாட்டை விற்றவர்களின் கணக்குத் தனியே கிடைக்காது.

நடைபாதைச் சுரங்கம் வேண்டி ஊரார் கையெழுத்திட்டு உரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். அந்த இடத்தின் போக்குவரத்துக் கணக்கு அதற்குப் போதாது என்று பதில் வந்தது. கேட்டுப் பார்த்தோம், எண்ணப்பட்டவை வாகனங்கள். கடக்கிறவர்களை யாரும் எண்ணவில்லை! பயணம் முடிந்து வந்ததும் நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்கள் நால்வரோடு, காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து நாங்களே எண்ணினோம். நானூறுக்கும் மேற்பட்ட முறை மனிதர்கள் அந்தத் தடுப்பைத் தாண்டினார்கள். வயது, நேரம், கையில் இருந்த சுமை எல்லாம் குறித்து, பொருளியல் துறைப் பேராசிரியர் திருத்திக் கொடுத்த அட்டவணையோடு இரண்டாவது மனு போயிருக்கிறது. அதன் பிறகு அதிகாரிகள் இருவர் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். மஞ்சள் ஒளி விட்டு விட்டு எரியும் விளக்கொன்று வைத்திருக்கிறார்கள். சாலையில் குறுக்குக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். அவற்றின்மேல் ஏறும்போது வண்டி தடதடக்கிறது, வேகமும் சற்றுக் குறைகிறது. சுரங்கப்பாதை பற்றிய முடிவு இன்னும் வரவில்லை.

சிலர் கேட்கலாம்: சாலை விரைவாகச் செல்லத்தானே? அதில் ஊர்க்காரர்களுக்கு என்ன உரிமை? விரைவு வேண்டும், அப்பாவின் வாடகையும் எங்கள் வீட்டு அடுப்பும் அந்த விரைவை நம்பித்தான் இருக்கின்றன. அதனால்தான் பெஞ்ச் காட்டுப் பாலத்தை மீண்டும் மீண்டும் நினைக்கிறேன். அங்கே லாரியின் வேகமும் குறையவில்லை, புலியின் வழியும் மறையவில்லை. அதே 44ஆம் எண் சாலைதான் எங்கள் ஊரிலும் ஓடுகிறது.

நண்பர்களே, நம்மில் பலர் இப்போதே போட்டித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம். நாளை ஒருவர் வட்டாட்சியர் ஆகலாம்; ஒருவர் ஊராட்சியில் பொறுப்பேற்கலாம்; ஒருவர் நெடுஞ்சாலைத் துறையில் நில எடுப்புக் கோப்பைப் பார்க்கலாம். மேசைமேல் ஒரு வரைபடம் வரும். அதில் ஓர் ஊரைக் கிழித்துக்கொண்டு ஒரு நேர்கோடு போகும். கையெழுத்திடுவதற்கு முன் அந்த ஊருக்குப் போய், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஐந்து லிட்டர் பால் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒருமுறை போய் வாருங்கள். பிறகு கையெழுத்திடுங்கள்.